ஒரே சாலைக்கு ஒரு வழித்தேர்வுக் குழு

நீண்ட பயணத்துக்கு வழி தேர்ந்தெடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. பத்துப் பாதைகள் இருந்தாலாவது ஒன்பதைக் குறை சொல்லி ஒதுக்கிவிட்டு, மிச்சம் இருக்கும் ஒன்றில் போய்விடலாம். இருப்பதே ஒரு பாதைதான் என்றால் எதை ஒதுக்குவது? அந்தச் சிக்கலில் தலையைக் கொடுத்து ஒன்றரை வருடம் உழைத்த சங்கத்தின் கௌரவச் செயலாளர் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கௌரவம் என்றால் சம்பளம் கிடையாது என்று அர்த்தம்.

எங்கள் ஊர் போர்ட் பென்னிங். தென் ஆஸ்திரேலியாவில் ஒரு வளைகுடா ஓரமாக இருக்கிறது. இங்கிருந்து மேற்கே கிளம்பினால் பெர்த் போய்ச் சேர இரண்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நல்லார்பர் வெளியைத் தாண்டி, கடலை ஒட்டிக்கொண்டு போகிற சாலை. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லை என்றால் மரம்கூட இல்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு அறுபது வயது தாண்டியதும் ஒரு காய்ச்சல் வரும். இருக்கிற வீடு போதாதென்று இன்னொரு சின்ன வீட்டைக் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்புவார்கள். அந்தச் சின்ன வீட்டுக்குக் கேரவன் என்று பெயர். எங்கள் சங்கத்தில் பதினெட்டு கேரவன்கள். உள்ளே கட்டில், அடுப்பு, காப்பி இயந்திரம் எல்லாம் உண்டு. கூரைமேல் சூரிய மின்தகடு உண்டு. பின்பக்கம் எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'நாங்கள் போய்க்கொண்டே இருப்போம்'. சக்கரங்களைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது.

போன வருடம் மார்ச் மாதம், முதல் செவ்வாய்க்கிழமை, புல்தரைப் பந்தாட்டச் சங்கத்தின் கொட்டகையில் எங்கள் மாதாந்தரக் கூட்டம் நடந்தது. தலைவர் லெஸ்டர் பிரிம்பிள் எழுந்து, 'கடலோரமாகப் பெர்த் வரை கூட்டுப்பயணம் மேற்கொள்வது, அதற்கு முன் உரிய வழியைத் தேர்ந்தெடுப்பது' என்று ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். லெஸ்டர் சாலை இலாகாவில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டு, சட்டைப்பையில் மூன்று நிறப் பேனாக்களோடு வருவார்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. டல்சி ஹாக்கெட். எண்பத்துமூன்று வயது, சங்கத்திலேயே மூத்தவர். புருஷன் ஆர்ச் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் விட்டுப்போன பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார்.

"ஏம்ப்பா லெஸ்டர், அங்க ஒரே ரோடுதானே இருக்கு?"

"அதனாலதான் டல்சி ரொம்ப யோசிச்சுத் தேர்ந்தெடுக்கணும். ஒண்ணு தப்பாப் போனா வேற வழியே கிடையாது."

ஏழு பேர் கொண்ட வழித்தேர்வுக் குழு அன்றே அமைந்தது. பிறகு எல்லோரும் தேநீர் குடித்து லாமிங்டன் கேக் சாப்பிட்டோம்.

குழு ஐந்து மாதம் வேலை செய்து நூற்றுப்பன்னிரண்டு பக்கத்தில் அறிக்கை தந்தது. நான்கு மாற்று வழிகளை அது ஆராய்ந்திருந்தது. முதலாவது, இருக்கிற சாலை. இரண்டாவது, அதே சாலை, ஆனால் மெதுவாக. மூன்றாவது, பாலைவனம். நான்காவது, கடல். ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு, அழகு, கழிப்பறை வசதி ஆகிய தலைப்புகளில் மதிப்பெண். கழிப்பறையில் கடல் நல்ல மதிப்பெண் வாங்கியது. இருக்கிற ஒரே சாலைக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடத்துக்குத் தகுதியான வழி எதுவும் அகப்படாததால் அதைக் காலியாக வைத்திருந்தார்கள்.

அறிக்கையைப் படித்தபோது இன்னொரு ஆபத்தும் தெரியவந்தது. அந்தச் சாலையில் நூற்று நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூடக் கிடையாது. அவ்வளவு தூரம் நேராகவே போனால் ஓட்டுநருக்கு வண்டியைத் திருப்புவது மறந்துபோகுமா என்று ஒருவர் கேட்டார். லெஸ்டர் உடனே நேராக ஓட்டும் பயிற்சிக்கு உத்தரவிட்டார். கொட்டகைக்கு முன்னால் வண்டி நிறுத்தும் இடத்தில் பயிற்சி தொடங்கியது. நாற்பதாவது மீட்டரில் வேலி குறுக்கிட்டதால் எல்லோருமே திருப்ப வேண்டியிருந்தது. பயிற்சியில் ஒருவரும் தேறவில்லை.

பிறகு கடிகாரத் தகராறு. நல்லார்பர் வெளியின் நடுவில் நாலைந்து குக்கிராமங்கள் தங்களுக்கென்று ஒரு தனி நேரம் வைத்துக்கொண்டிருக்கின்றன. மேற்கே போகிறவர்கள் அங்கே நுழைந்ததும் கடிகாரத்தை முக்கால் மணி பின்னால் திருப்ப வேண்டும். எங்கள் சங்கத்தின் சட்டவிதி பதினொன்றோ, 'காலை பத்தரை மணிக்குத் தேநீர் வழங்கப்படும்' என்கிறது. அப்படியானால் எல்லையைத் தாண்டும் நாளில் பத்தரை மணி இரண்டு தடவை வரும். இரண்டு தடவையும் தேநீர் உண்டா? உண்டென்றால் கேக்? மூன்று கூட்டங்கள் இதிலேயே போயின. இரண்டாவது பத்தரைக்குத் தேநீர் உண்டு, கேக் கிடையாது என்று முடிவானபோது கை தட்டினார்கள்.

இதற்கிடையில் வேறொரு மோகமும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது. அதற்கு 'மெதுப்பயணம்' என்று பெயர். அடிலெய்டிலிருந்து ஜாஸ்பர் என்ற ஆலோசகரை வரவழைத்தோம். கொண்டை போட்டிருந்தார், செருப்புப் போடவில்லை. அவர் கார் கூரைமேல் ஒரு கூடாரம் மடித்து வைத்திருந்தது. விலைச்சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"சாலைய நாம தேர்ந்தெடுக்கக் கூடாது. சாலைதான் நம்மளத் தேர்ந்தெடுக்கணும். ஒரு நிமிஷம் எல்லாரும் கண்ண மூடி, அது கூப்பிடுதான்னு கேளுங்க" என்றார் ஜாஸ்பர்.

நாங்கள் கண்ணை மூடினோம். இரண்டு பேர் தூங்கிப்போனார்கள்.

"இங்கேர்ந்து கிளம்பி எத்தனை நாள்ல பெர்த் போறதா உத்தேசம்?"

"தீர்மானம் போட்டுப் பதினோரு மாசம் ஆச்சு. இன்னும் கிளம்பல" என்றேன் நான்.

ஜாஸ்பர் என்னை உற்றுப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கிவிட்டன. நாடு முழுக்கச் சுற்றிவிட்டேன், இவ்வளவு மெதுவான பயணத்தை எங்கேயும் பார்த்ததில்லை என்று சொல்லி, ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதைச் சட்டம் போட்டுத் தேநீர்ப் பாத்திரத்துக்கு மேலே மாட்டியிருக்கிறோம்.

இத்தனையும் சில்லறை. உண்மையான போர் பிறகுதான் மூண்டது.

எங்கள் நாட்டில் வண்டி சாலையின் இடப்பக்கம் போகும். ஓட்டுபவர் வலப்பக்கம் உட்காருவார். மேற்கே போனால் கடல் இடப்பக்கம் வரும். அதாவது, பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத்தான் கடல். ஓட்டுபவருக்கு வலப்பக்கத்து 'ஒன்றுமே இல்லை'தான். எங்கள் சங்கத்தில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் புருஷன்மார். பக்கத்தில் உட்காருபவர்கள் மனைவிமார். இந்த அநியாயம் இவ்வளவு நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. இந்த வருடம் ஜூன் மாதக் கூட்டத்தில் லெஸ்டர் கண்ணில் பட்டது.

"முப்பத்தெட்டு வருஷம் ரோட்டப் பாத்தாச்சு. இனிமே கடலப் பாக்கணும்னு நெனைக்கிறது ஒரு தப்பா? பெர்த்லேர்ந்து இங்க வர்ற மாதிரி பயணத்த வச்சுக்கலாம். கடல் வலப்பக்கம் வந்துடும்" என்றார்.

முன்வரிசையில் அவர் மனைவி நோரீன் கம்பளி பின்னிக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தினார்.

"தலைவர் அவர்களுக்கு ஒரு கேள்வி. நீ கடலப் பாத்துக்கிட்டே இருந்தா ரோட்ட யாரு பாப்பா?"

"ரோடுதான் நேரா இருக்கே, நோரீன். அறிக்கையில படிக்கலயா?"

"நாப்பத்தாறு வருஷமா உன் பக்கத்துல உக்காந்து வர்றேன். மேப்பப் பிடி, டீய ஊத்து, ஆப்பிள நறுக்கு. எனக்குன்னு இருக்கிறது ஒரு ஜன்னல். அதுவும் பொறுக்கலயா உனக்கு?"

அன்றோடு சங்கம் இரண்டாக உடைந்தது. இடதுகடல் அணி, வலதுகடல் அணி. ஒரே வீட்டில் இரண்டு அணியும் இருந்ததால் பல வீடுகளில் சமையல் நின்றுபோனது. பேக்கரிக்காரருக்கு மட்டும் நல்ல காலம். இறைச்சிப் பணியாரம் பத்து மணிக்கெல்லாம் தீர்ந்துவிடும்.

ஜூலைக் கூட்டத்தில் இடதுகடல் அணி ஒரு சட்டச் சிக்கலைக் கிளப்பியது. பெர்த்திலிருந்து புறப்பட வேண்டுமானால் முதலில் பெர்த்துக்குப் போக வேண்டும். எந்தச் சாலையில்?

"அதே ரோட்டுலதான். ஆனா அது பயணம் கெடையாது. பயணம் தொடங்குற இடத்துக்குப் போறது. அதுக்கு ஆயத்தப் பயணம்னு பேரு" என்றார் லெஸ்டர்.

"அப்போ போறப்பவே எங்களுக்குக் கடல் தெரிஞ்சுடுமே!"

"தெரியக் கூடாது. இடப்பக்க ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டுடுவோம். இல்லேன்னா பெர்த் போய்ப் புதுசாப் பாக்கிறதுக்கு என்ன இருக்கு?"

திரைத்துணிக்குப் பூப்போட்டதா, கோடு போட்டதா என்று அரைமணி பேசினோம். அப்போது டல்சி கையை உயர்த்தினார்.

"லெஸ்டர், எனக்கு ஒண்ணு புரியல. போனா திரும்பி வரணும் இல்ல? போறப்போ கடல் இடப்பக்கம், வர்றப்போ வலப்பக்கம். எல்லாருக்கும்தானே கெடைக்குது?"

யாரோ 'அட' என்றார்கள். முடிந்தது போர் என்று நானும் நினைத்தேன். லெஸ்டர் தீர்மானத்தை மூக்கருகில் வைத்துப் படித்தார்.

"இதுல 'பெர்த் வரை'ன்னுதான் இருக்கு. திரும்பி வர்றது பத்தி ஒண்ணும் இல்ல. திரும்பி வர்றதுக்குத் தனித் தீர்மானம் வேணும், டல்சி."

ஆகஸ்ட் கூட்டத்தன்று டல்சி சீக்கிரமே வந்துவிட்டார். தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

"செக்ரட்டரி, கண் டாக்டர்கிட்ட போயிருந்தேன். ரெண்டு கண்ணும் நடுவுல மங்கிக்கிட்டே வருதாம். செப்டம்பர் முப்பது வரைக்கும் வண்டி ஓட்டலாம், அதுவும் பகல்ல மட்டும்னுட்டார். அதுக்கப்புறம் லைசென்ஸக் குடுத்துடணும்."

"ஐயையோ, டல்சி."

"ஐயையோவெல்லாம் அப்புறம். அந்த ரோட்டுல ஆர்ச்சோட ரெண்டு தடவை போயிருக்கேன். திமிங்கிலம் வர்ற எடத்துக்குப் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர் உள்ள திரும்பிப் போகணும். முதல் தடவை, 'நேரம் ஆச்சு, அடுத்த தடவை பாக்கலாம்'னான். அடுத்த தடவை, 'திரும்பி வர்றப்போ பாக்கலாம்'னான். திரும்பி வர்றப்போ மழை. குட்டி போட வர்ற திமிங்கிலமெல்லாம் செப்டம்பர் முடிஞ்சா கெளம்பிடும். என் கண்ணும் அப்படித்தான் போலிருக்கு. இன்னிக்கு நீ இத அஜெண்டாவுல சேக்கணும்."

அஜெண்டா அச்சாகிவிட்டது. 'பிற விஷயங்கள்' என்ற கடைசி அம்சத்தில் சேர்த்தேன். எங்கள் சங்கத்தில் பிற விஷயங்கள் வரை எந்தக் கூட்டமும் போனதில்லை. அன்றும் பன்னிரண்டரைக்குப் பந்தாட்டக்காரர்கள் கதவைத் தட்டிவிட்டார்கள்.

செப்டம்பர் கூட்டத்திலும் அதேதான் நடந்தது. இந்தத் தடவை, இறுதி வாக்கெடுப்புக்காக இருபத்துநாலாம் தேதி சிறப்புக் கூட்டம் என்று முடிவானது. வெளியே வந்தபோது டல்சி காரில் ஏறிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் ஒரு போர்வை, வெந்நீர்க் குடுவை, பிஸ்கெட் டின்.

"நாளைக்குக் காலைல கெளம்பறேன். கேரவன் இழுக்கல. ரோட்டோரத்து விடுதியில தங்கிப்பேன். பக்கத்து சீட்டு காலியாத்தான் இருக்கு. வர்றியா?"

"நானா?"

"ஏன், உனக்குக் கடல் பிடிக்காதா?"

எனக்குப் போக வேண்டும்போல இருந்தது. சத்தியமாக இருந்தது. ஒன்றரை வருடமாக அந்தச் சாலையைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறேன், கால் வைத்ததில்லை. வாயைத் திறந்தேன்.

"இருபத்துநாலாம் தேதி சிறப்புக் கூட்டம் இருக்கே டல்சி. குறிப்பு யாரு எழுதுறது?"

டல்சி என்னைத் திட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, "அதுவும் சரிதான், நாடு நின்னு போயிடும்" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அன்று சாயங்காலமே கூட்டக் குறிப்பைச் சுத்தமாகப் படியெடுத்து முடித்தேன்.

இருபத்துநாலாம் தேதி கொட்டகையில் நிற்க இடமில்லை. இடதுகடல் அணி இடப்பக்கமும் வலதுகடல் அணி வலப்பக்கமும் உட்கார்ந்திருந்தன. கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கியது. இரண்டாவது அம்சமான 'வந்த கடிதங்கள்' பத்தே காலுக்கு முடிந்துவிட்டது; கடிதம் எதுவும் வந்திருக்கவில்லை. பதினொரு மணிக்கு, ஏழாவது அம்சத்தில் நோரீன் வீராவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தபால்காரர் பைக்கை நிறுத்தி என் கையில் ஓர் அஞ்சலட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார்.

மேசைக்கு அடியில் வைத்துப் படித்தேன்.

'சங்கத்துக்கு. வந்து சேந்துட்டேன். திமிங்கிலம் முப்பத்தொண்ணு எண்ணினேன், குட்டிங்க தனி. ஒண்ணு சொல்லணும். நீங்க இடதா வலதான்னு அடிச்சுக்கிறீங்களே, இந்த ரோட்டுலேர்ந்து கடல் தெரியாது. இந்த ஜன்னல்லயும் தெரியாது, அந்த ஜன்னல்லயும் தெரியாது. எப்பவாவது ஒரு நீலக்கோடு வரும், போயிடும். ஆர்ச்சோட வந்தப்போ நான் தூங்கிக்கிட்டே வந்ததுல கவனிக்கல. கடல் வேணும்னா வண்டிய நிறுத்தி, எறங்கி, நடக்கணும். டல்சி.'

எழுந்து நின்றேன்.

"தலைவரே, ஒரு கடிதம் வந்திருக்கு. ரொம்ப முக்கியம்."

"இப்போ எத்தனாவது அம்சத்துல இருக்கோம்?"

"ஏழு."

"கடிதம் எத்தனாவது அம்சம்?"

"ரெண்டு."

"ரெண்டு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"அப்புறம் என்னய்யா? அடுத்த மாசம் படி. செக்ரட்டரியே விதிய மீறினா நாங்க யாருகிட்ட போறது?"

முடிந்த அம்சத்துக்குத் திரும்பக் கூடாது என்ற விதி பதினேழைப் போன வருடம் எழுதியது நான்தான். உட்கார்ந்தேன். அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வாக்கெடுப்பு நடந்தது. இடது பதினேழு, வலது பதினேழு. சமமாக வந்தால் தலைவரின் வாக்கே முடிவு. லெஸ்டர் மூச்சை இழுத்துக்கொண்டு கையைப் பாதி உயர்த்தினார்.

"தூக்கு. தூக்கிட்டு, இன்னிக்கு எங்க போய்ச் சாப்புடறேன்னும் தலைவர் அவர்கள் சபைக்குத் தெரிவிக்கட்டும்" என்றார் நோரீன்.

கை இறங்கியது. அந்த நேரத்தில்தான், எந்த அணி என்று தெரியாத ஒரு புண்ணியவான் சமரசத் திட்டத்தைச் சொன்னார். மேற்கேதான் போவோம், ஜன்னல் மனைவிமாருக்கே. ஆனால் ஒவ்வொரு காரிலும் ஓட்டுநருக்கு எதிரே ஒரு பெரிய கண்ணாடியைச் சாய்த்து மாட்டுவோம். இடப்பக்கத்துக் கடல் அதில் விழும். ரோட்டைப் பார்த்தபடியே கடலையும் பார்க்கலாம்.

கொட்டகை அதிர்ந்தது. ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். மூன்று மாதமாகப் பேசாத தம்பதிகள் கைகோத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார்கள். லெஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாராவது வழிமொழியணும்" என்றார்.

என் பையில் அந்த அட்டை குத்திக்கொண்டிருந்தது. வழிமொழிந்தது நான்தான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஒரே வாரத்தில் போர்ட் பென்னிங்கிலும் பக்கத்து ஊரிலும் கண்ணாடியே கிடைக்காமல் போயிற்று. முடிதிருத்துகிறவர் கடைக் கண்ணாடியையும் கேட்டு வாங்கிவிட்டார்கள். டல்சியின் காரைத் தவிர மற்றப் பதினேழு கார்களிலும் மாட்டியானதும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டோம். லெஸ்டர் காரின் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். ரோடு தெரியவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த நோரீனின் காது மட்டும் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அக்டோபர் முதல் செவ்வாய்க்கிழமை டல்சி கூட்டத்துக்கு வந்தார். முப்பதாம் தேதி மத்தியானமே லைசென்ஸைக் கொடுத்துவிட்டதால் நோரீன் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். டல்சி முகமெல்லாம் வெயிலில் கறுத்து, பத்து வயது குறைந்த மாதிரி இருந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"உன் சீட்டுல ஒரு தர்பூசணிய உக்கார வச்சு பெல்ட் போட்டுக் கூட்டிட்டுப் போனேன். உன்ன மாதிரியே வாயத் தெறக்காம வந்துச்சு. திமிங்கிலம் பாத்தாச்சு, இவ்ளோ தூரம் வந்துட்டோம்னு மாநில எல்லை வரைக்கும் ஓட்டினேன். அங்க பழம் கொண்டுபோகக் கூடாதாம். எறக்கிட்டாங்க. பாவம், அதுகூட எல்லை வரைக்கும் வந்துச்சு."

நான் கூட்டக் குறிப்பில் தேதியை இரண்டு தடவை எழுதினேன்.

இரண்டாவது அம்சம் வந்தது. அட்டையை எடுத்து உரக்கப் படித்தேன். 'இந்த ரோட்டுலேர்ந்து கடல் தெரியாது' என்ற இடம் வந்ததும் யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் திரும்பி ஜன்னல் வழியாக, வெளியே பளபளவென்று நின்ற பதினேழு கண்ணாடிகளைப் பார்த்தார்கள்.

"லெஸ்டர்" என்றார் நோரீன் மெதுவாக. "முப்பத்தெட்டு வருஷம் அந்த ரோட்டோட கோப்பு உன் மேசையிலதானே இருந்துச்சு? நீ அந்த ரோட்டுல எத்தனை தடவை போயிருக்கே?"

லெஸ்டர் மூன்று பேனாக்களையும் எடுத்துத் திரும்பச் சொருகினார்.

"கோப்பு என்கிட்டதான் இருந்துச்சு. நான் மேசையிலதான் இருந்தேன்" என்றார். "மேப்புல ரோடும் கடலும் ஒட்டிக்கிட்டிருக்கும், நோரீன். மயிரிழைதான் இடைவெளி. நெஜமாவே."

"அந்த மயிரிழை தரையில எத்தனையோ கிலோமீட்டர் இருக்கு, லெஸ்டர்" என்றார் டல்சி. கேலி செய்யவில்லை. "நீ போகலன்னா உனக்கு எப்படித் தெரியும்? ஆனா எறங்கி நடந்துட்டா, அப்பா! அந்தப் பாறை விளிம்புல நின்னப்போ எனக்குச் சிரிப்பு தாங்கல. காரணமே இல்லாம சிரிச்சேன். எனக்குக் கீழ தாயும் குட்டியும் கெடக்கு. பக்கத்துல நின்ன ஆளும் சேர்ந்து சிரிக்கிறான், அவனுக்கும் காரணம் தெரியல."

லெஸ்டர் ஜன்னல் வழியாக அந்தக் கண்ணாடிகளை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, ஒன்றரை வருடத்தில் அந்தக் கொட்டகையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"நாம போய்ப் பாக்கணும்."

என் பேனா நின்றுவிட்டது. நோரீன் கம்பளியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தார். நாற்காலிகள் நகர்ந்தன. "இன்னிக்கே!" என்றது ஒரு குரல். "கண்ணாடியக் கழட்டுங்கப்பா!" என்றது இன்னொரு குரல். வீட்டில் எந்தப் பையை எடுத்துக்கொள்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

"டல்சி சொன்னது ஒரு தனிநபர் பார்த்தது" என்று லெஸ்டர் தொடர்ந்தார். குரல் பழையபடி கணீரென்று ஆகிவிட்டது. "அத நேர்ல போய்ச் சரிபாக்கிறது நம்ம கடமை. அதுக்கு ஒரு சரிபார்ப்புப் பயணம். சரி, சரிபாக்கப் போறதுக்கு எந்த வழியில போறதுன்னு முடிவு பண்ண ஒரு குழு போடலாம்னு முன்மொழியறேன். ஆதரவு இருக்கிறவங்க கையத் தூக்குங்க."

எழுந்து நின்றவர்கள் உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் ஒரு கை மேலே போனது. இடப்பக்கம் இரண்டு. வலப்பக்கம் நாலு. நோரீன் கம்பளியைப் பொறுக்கி எடுத்தார். ஊசியோடு அவர் கையும் போனது.

"நீயாவது தூக்காதே" என்றார் டல்சி என்னிடம், காதோடு.

என் கை ஏற்கெனவே மேலே இருந்தது. நான் தூக்கியதாக எனக்கே ஞாபகம் இல்லை.

டல்சி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொட்டகை முழுவதையும் பார்த்தார். கொஞ்சம் தள்ளி இருந்தால் முகம் தெரிவதில்லை அவருக்கு.

"யாரு யாருன்னு தெரியல. தூக்கின கை மட்டும் மங்கலாத் தெரியுது" என்றார். "அங்கயும் இப்படித்தான். திமிங்கிலமெல்லாம் ஒண்ணொண்ணா தண்ணிக்கு மேல துடுப்பத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கும். பாக்க அச்சு அசல் நம்ம கூட்டம் மாதிரியே இருந்துச்சு."

சிரித்தார். பிறகு பிஸ்கெட் டின்னைத் திறந்து எனக்கு ஒன்று கொடுத்தார்.

"எல்லையிலேர்ந்து திரும்பி, மறுநாள் காலைல போய்ப் பாத்தேன். அதுங்க கெளம்பிப் போயிடுச்சு."

இதையும் கூட்டக் குறிப்பில் சேர்க்கலாமா என்று தலைவரைக் கேட்டேன். அடுத்த கூட்டத்தில் 'பிற விஷயங்கள்' வரும்போது கேட்கச் சொன்னார்.